கொம்பியூட்டரோடு செஸ்: நமக்குத் தோதான எதிராளியை அமைப்பது எப்படி?

கொக்குவிலில் இருந்து ஒருவர் கேட்டது இது: "பள்ளிக்கூட நாட்களில் சனசமூக நிலையத்தில் செஸ் ஆடினவன். இப்போது வேலை முடிந்து வந்து போனில் ஆடலாமென்று ஸ்டொக்பிஷ் உள்ள ஒரு அப் இறக்கினேன். ஆகக் குறைந்த நிலையில் வைத்தால் ராணியைச் சும்மா தூக்கித் தருகிறது. கொஞ்சம் ஏற்றினால் இருபது நகர்வுக்குள் என்னை முடித்துவிடுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லையா? தரம் 6 படிக்கும் மகளும் இதில்தான் பழகுகிறாள். அவளுக்கு எப்படி வைப்பது?"

அண்ணை, நடுவில் இடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த ஒரு அமைப்பையே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் அது அகப்படாது. எதிராளிக்கு எவ்வளவு பலம் என்பதை விட, அது எந்த மாதிரிப் பிழை விடுகிறது என்பதைப் பாருங்கள். ஒரே பலமுள்ள இரண்டு எதிராளிகளில் ஒன்றோடு ஆடினால் நித்திரையை விட்டு இன்னொரு ஆட்டம் ஆடத் தோன்றும். மற்றதோடு ஆடினால் போனை எறியத் தோன்றும்.

முதலில் அந்த ராணி விவகாரம். ஸ்டொக்பிஷ் ஒரு செஸ் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்குப் பார்த்து ஆடுகிற நிரல். இப்படிப்பட்ட கொம்பியூட்டர் எஞ்சின்களுக்கென்று உள்ள தரப்பட்டியல்களில் ஸ்டொக்பிஷ் 3500க்கு மேலே நிற்கிறது. மனிதரில் ஆக உயர்ந்த தரப்புள்ளி மக்னஸ் கார்ல்சன் 2014 மே மாதம் தொட்ட 2882. இரண்டும் வேறு வேறு பட்டியல்கள், நேரே ஒப்பிட முடியாது, ஆனாலும் உயரம் விளங்கும். அப்படிப்பட்ட ஒன்றைப் பலவீனமாக்க அதற்குள்ளேயே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். 'ஸ்கில் லெவல்' என்று பெயர், 0 முதல் 20 வரை. 20 என்றால் முழுப் பலம். அதற்குக் கீழே வைத்தால் அது ஆகச் சிறந்த நகர்வோடு நிற்காமல் குறைந்தது நான்கு நகர்வுகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும். பிறகு அவற்றில் ஒன்றை, பாதி கணக்கும் பாதி குருட்டுச் சீட்டுமாக எடுக்கும். லெவல் குறையக் குறையச் சீட்டின் பங்கு கூடும், பார்க்கும் ஆழமும் குறையும்.

இதைப் பலகையில் வைத்துப் பாருங்கள். பி6 கட்டத்தில் நிற்கும் அதன் ராணியை உங்கள் ராணியால் வெட்டுகிறீர்கள். ஏ7இல் நிற்கும் காலாளால் மட்டும்தான் அது திருப்பி வெட்டலாம். சி வரிசைக் காலாள் முன்னமே போய்விட்டது. அதன் பட்டியலில் முதல் நகர்வு அந்த வெட்டு. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாமே ராணியைப் பறிகொடுக்கிற நகர்வுகள். ஆகக் குறைந்த லெவலில் சீட்டு சிலவேளை அவற்றில் ஒன்றில் விழக்கூடும். விழுந்தால், அது எச் வரிசைக் காலாளை ஒரு கட்டம் தள்ளிவிட்டுப் பேசாமல் இருக்கும். நீங்கள் கண்டது இதைத்தான். அதே எஞ்சின், நான்கு நகர்வுகளும் ஏறக்குறைய ஒரே தரமாக இருக்கிற அமைதியான நிலையில், சீட்டு எதில் விழுந்தாலும் வடிவாகத்தான் ஆடும்.

மனிதர் இதற்கு நேர் எதிர். ராணியை வெட்டினால் திருப்பி வெட்ட எந்தப் பெடியனும் மறக்கமாட்டான். நாம் தவறுவது வேறு இடங்களில்: பின்பக்கமாக வருகிற குதிரை, பலகையின் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பிஷப், முன்னால் நின்ற காய் விலகியதும் திறந்துகொள்கிற தாக்குதல். பிறகு, ஒன்றும் நடக்காத நிலையில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காலாளைத் தள்ளிவிட்டு அந்தக் கட்டத்தைப் பலவீனமாக்குவது. ஸ்கில் லெவலைக் குறைத்த எஞ்சின் இந்தப் பிழைகளை விடாது. அதனால் உங்களுக்கு அவற்றைத் தண்டிக்கவும் பழக்கம் வராது.

சரி, மாற்று வழிகள்.

ஸ்டொக்பிஷ்ஷிலேயே 'லிமிட் ஸ்ட்ரெங்த்' என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் ஈலோ எண்ணாக, அதாவது ஆட்டக்காரரின் பலத்தை அளக்கும் தரப்புள்ளியாக, பலத்தைக் கேட்கும். இப்போதைய பதிப்புகளில் ஆகக் குறைந்தது 1320, ஆகக் கூடியது 3190. இதைப் போட்டவுடன் நீங்கள் தனியாக வைத்த ஸ்கில் லெவல் செல்லாது. உள்ளே அந்த எண்ணையே லெவலாக மாற்றித்தான் ஆடும். ஆகவே இதுவும் அதே சீட்டுத்தான், முகப்பு மட்டும் வேறு. 1320 என்ற எண்ணும் எஞ்சின்களை எஞ்சின்களோடு மோதவிட்டு அளந்தது. போட்டிகளில் ஆடுகிற 1320 ஆளை அதில் எதிர்பார்க்கவேண்டாம். எப்போதாவது ஆடுகிற பலருக்கு இந்த ஆகக் குறைந்த எண்ணே உயரம்தான்.

எண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. லிசெஸ் என்ற செஸ் இணையத்தளத்தில் புதுக் கணக்கு 1500 இல் தொடங்கும். செஸ்.கொம் தளத்தில் மார்ட்டின் என்ற பொட்டுக்கு (தானாக ஆடும் கொம்பியூட்டர் எதிராளிக்கு) 250 என்று போட்டிருப்பார்கள். சர்வதேசச் சம்மேளனமான ஃபிடே 2024 மார்ச்சில் தன் தரப்பட்டியலின் அடிமட்டத்தையே 1400 ஆக உயர்த்தியது. மூன்றும் மூன்று அளவுகோல்கள். 'எனக்கு லிசெஸ்ஸில் 1500, ஆகவே 1500 போடுகிறேன்' என்று அமைப்பவர்கள்தான் அடி வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

லிசெஸ்ஸில் கொம்பியூட்டரோடு ஆட 1 முதல் 8 வரை நிலைகள் உண்டு. காசு கேட்காது, விளம்பரமும் இல்லை. பின்னால் ஓடுவது ஃபெயாரி ஸ்டொக்பிஷ் என்ற கிளைப் பதிப்பு. அதில் ஸ்கில் லெவல் பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கும். லிசெஸ்ஸின் முதல் நிலை மைனஸ் 9 இல் வைத்தது, இரண்டாவது மைனஸ் 5, மூன்றாவது மைனஸ் 1. ஆகவே உங்கள் அப்பின் ஆகக் குறைந்த நிலைக்கும் கீழே அங்கே மூன்று படிகள் கிடைக்கும். மகளுக்கு இது உதவும், அதைப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு இது போதாது, ஏனென்றால் பிழையின் சாயல் அதேதான்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஆழத்தைக் கட்டுப்படுத்துவது. எஞ்சினுக்குச் சீட்டு வேண்டாம், முழுப் பலத்தில் விடுங்கள், ஆனால் இரண்டு மூன்று அரை நகர்வுக்கு மேல் பார்க்கக்கூடாது என்று கட்டிப்போடுங்கள். அரை நகர்வு என்றால் ஒரு பக்கம் ஒருதரம் நகர்த்துவது. இப்படி ஆடும் எஞ்சின் காயைச் சும்மா தராது, ஏனென்றால் வெட்டும் குத்துமாக இருக்கிற தொடரை மட்டும் அது ஆழக் கணக்குத் தாண்டியும் பார்த்து முடிக்கும். ஆனால் வெட்டு இல்லாத அமைதியான திட்டம் ஒன்றை நாலு நகர்வுக்கு முன்பே நீங்கள் தொடங்கினால் அதன் கண்ணில் படாது. ராஜாப் பக்கம் குதிரையையும் பிஷப்பையும் சேர்த்துக் காய்களைக் குவியுங்கள், அது தன்பாட்டில் மற்றப் பக்கத்தில் காலாள் தின்றுகொண்டிருக்கும். அவசரப்படாமல், திட்டம் போட்டு ஆடினால் வெல்லலாம். கவனமில்லாமல் ஒரு காயைத் தொங்கவிட்டால் உடனே அடி. திண்ணையில் பத்திரிகை வாசித்துக்கொண்டே நம்மை வெல்லுகிற பெரியவர்களுடைய ஆட்டம் ஏறக்குறைய இந்த மாதிரித்தான்.

எங்கே வைப்பது? லப்டொப் இருந்தால் லூகாஸ் செஸ் என்ற இலவச நிரலை இறக்குங்கள். எஞ்சினோடு ஆடும் பகுதியில் ஆழத்துக்கும் நேரத்துக்கும் தனித்தனியாக எல்லை போடலாம். அரீனா என்ற பழைய விண்டோஸ் நிரலிலும் நிலையான ஆழம் என்று ஒரு தெரிவு இருக்கிறது. ஆழம் 1 இல் தொடங்கி ஏறுங்கள். 4, 5 போனாலே வித்தியாசம் தெரியும். அன்ட்ரொய்ட் போனில் ட்ரொய்ட்ஃபிஷ் என்ற இலவச அப் இருக்கிறது. இறக்கியபின் டேட்டா தேவையில்லை, ரீலோட் முடிந்தாலும் ஆடலாம். 2022 இல் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களில் வைபை இல்லாமல் பலருக்குக் கைகொடுத்தது இப்படிப்பட்ட அப்கள்தான்.

நேரத்தைக் குறைத்தால் பலம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். மனிதருக்கு அது சரி. ஆனால் இன்றைய ஒரு சாதாரணப் போன் ஒரு வினாடிக்குள் லட்சக்கணக்கான நிலைகளைப் பார்த்துவிடும். பத்து வினாடியை ஒரு வினாடி ஆக்கினால் உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. த்ரெட், ஹாஷ் என்று இருப்பவற்றையும் தொடவேண்டாம், நம் தேவைக்கு அவை ஒன்றும் செய்யாது.

மனிதர் மாதிரியே பிழை விடுகிற எதிராளி வேண்டுமென்றால் மாயா என்ற எஞ்சினைப் பாருங்கள். கோர்னல், டொரொண்டோ பல்கலைக்கழகங்களும் மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2020 இல் வெளியிட்டது. ஸ்டொக்பிஷ் ஆகச் சிறந்த நகர்வைத் தேடுகிறது. மாயா, இந்தத் தரத்தில் உள்ள ஒரு ஆள் இந்த இடத்தில் எதை ஆடுவார் என்று ஊகிக்கிறது. லிசெஸ்ஸில் மனிதர் ஆடிய ஆட்டங்களை, ஒவ்வொரு தரத்துக்கும் 12 மில்லியன் என்ற கணக்கில், படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். 1100 இல் இருந்து 1900 வரை, நூறு நூறாக ஒன்பது மாயாக்கள். முன்னோக்கிக் கணக்குப் பார்ப்பதே இல்லை; பலகையைப் பார்த்ததும் கைக்கு வருகிற நகர்வை ஆடும். அதனால் அது உங்கள் பின்குதிரையைக் கவனிக்கத் தவறும். நீங்கள் விரித்த கண்ணியில் விழும், ஆனால் அந்தத் தரத்து ஆட்கள் விழுகிற கண்ணியில் மட்டும்.

லிசெஸ்ஸில் கணக்குத் திறந்தால் மாயா1, மாயா5, மாயா9 என்ற பொட்டுகளைச் சவாலுக்கு அழைக்கலாம். முறையே 1100, 1500, 1900 ஆட்டங்களில் பழகியவை. ஆனால் பெயரில் உள்ள எண்ணை நம்பி இறங்கவேண்டாம். மாயா1, 1100 ஆளைவிடத் தெளிவான பலத்தோடு ஆடும். காரணம் சுவையானது. பல ஆயிரம் பேரில் பெரும்பான்மையானோர் எடுக்கும் நகர்வை அது எடுக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக விடுகிற விசர்ப் பிழைகள் அந்தக் கூட்டத்தில் அடிபட்டுப் போய்விடுகின்றன. என் அபிப்பிராயத்தில், சனசமூக நிலையத்தில் ஆடிப் பழகியவருக்கு மாயா1 தான் இப்போதைக்கு ஆக நல்ல எதிராளி. முதல் ஆட்டங்களில் தோற்பீர்கள், ஆனால் ஏன் தோற்றோம் என்று விளங்கும்.

இதையெல்லாம் செய்ய மனமில்லையென்றால் பழைய வழி இருக்கிறது: காய் விட்டு ஆடுவது. சின்னப் பிள்ளையோடு ஆடும்போது பெரியவர் ராணியையோ கோட்டையையோ எடுத்து வைத்துவிட்டு ஆடுவதில்லையா, அதையே எஞ்சினுக்கும் செய்யலாம். பலகையைத் திருத்தும் பகுதிக்குப் போய் அதன் ராணியை எடுத்துவிட்டு அந்த நிலையில் இருந்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். லிசெஸ்ஸிலும் 'நிலையிலிருந்து' என்ற தெரிவு இருக்கிறது. இதில் ஒரு வசதி, எஞ்சின் முழுப் பலத்தில், ஒரே சீராக ஆடும். திடீர்ப் பைத்தியம் பிடிக்காது. வெல்லும் வழியும் ஒன்றுதான்: கிடைத்த காயை விடாமல், சமமான காய்களை மாற்றி மாற்றி வெட்டிப் பலகையை வெறுமையாக்குவது. ராணி கூட இருந்தும் தோற்கிறவர்கள் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ராணியில் வெல்லத் தொடங்கினால் கோட்டை, பிறகு குதிரை. ஸ்டொக்பிஷ் நீங்களும் பிழையே விடமாட்டீர்கள் என்று நினைத்து ஆடுவதால் காய் குறைந்த நிலையில் கொஞ்சம் மனம் தளர்ந்த மாதிரி ஆடும். கண்ணி வைத்து ஆடுகிறது வேண்டுமென்றால் லிசெஸ்ஸில் லீலா என்ற இன்னொரு எஞ்சின் குதிரை விட்டும் ராணி விட்டும் ஆடுகிற பொட்டுகள் இருக்கின்றன. அவை பொல்லாதவை. அவசரமில்லை, பிறகு பாருங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் மூன்று சின்ன விஷயங்கள். 'ஓப்பனிங் புக்' (தொடக்க நகர்வுகளின் தொகுப்பு) என்றதை நிறுத்திவிடுங்கள். அது ஓடினால், பலவீனமாக்கிய எஞ்சின்கூட முதல் எட்டுப் பத்து நகர்வைப் புத்தகத்தில் இருந்து கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடும். நீங்கள் மூச்சுத் திணறியபிறகு கோமாளியாக மாறும். 'பொன்டர்' என்றதும் வேண்டாம், அது நீங்கள் யோசிக்கும் நேரத்திலும் தான் யோசிப்பது.

மூன்றாவதுதான் ஆகப் பெரியது, யாரும் கவனிப்பதில்லை. எஞ்சின் கண் மூடித் திறப்பதற்குள் பதில் நகர்த்தினால் நம் கையும் தானாக வேகம் பிடிக்கிறது. மணிக்கூடே இல்லாத ஆட்டத்தில்கூட நாம் மூன்று வினாடியில் ஆடத் தொடங்குகிறோம். பாதித் தோல்வி இதனால்தான் என்று சொன்னால் மிகையில்லை. மணிக்கூட்டை நிறுத்துங்கள். லிசெஸ்ஸில் கால எல்லை இல்லாமல் ஆடலாம். போனைக் கையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். முடிந்தால் பக்கத்தில் உண்மையான பலகை ஒன்றை விரித்து, அதில் யோசித்து, பிறகு போனில் நகர்த்துங்கள். நிலையை ஒரு படி குறைத்ததைப் போன்ற பலன் இதிலேயே கிடைக்கும்.

சரியான நிலை அகப்பட்டுவிட்டதா என்று எப்படி அறிவது? ஈலோ கணக்கில் இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால் பலம் கூடியவருக்கு நூறில் 64 பங்கு கிடைக்கும். 200 என்றால் 76. 400 என்றால் 91. இதை மறுபக்கமாக வாசியுங்கள். உங்களைவிட 200 புள்ளி பலமான எதிராளியோடும் நாலில் ஒன்று உங்கள் பக்கம் வரும். பத்து ஆட்டம் ஆடி எழுதி வையுங்கள். மூன்று நாலு வென்றால் அதுதான் உங்கள் இடம், அங்கேயே இருங்கள். ஏழுக்கு மேல் வென்றால் ஏறுங்கள். ஒன்றோ பூச்சியமோ என்றால் இறங்குங்கள். இரண்டு ஆட்டம் தோற்றவுடன் நிலையை மாற்றுவதுதான் எல்லோரும் செய்வது, அதில் ஒன்றும் பிடிபடாது.

இடையில் ஒரு சந்தேகம் வரும், முன்கூட்டியே சொல்கிறேன்: 'அப் கள்ளம் செய்கிறது.' உங்கள் காலாள் இரண்டு கட்டம் பாய்ந்ததும் பக்கத்தில் நின்ற அதன் காலாள் குறுக்கே வந்து வெட்டினால் அது என் பசான் என்ற விதி, கள்ளமில்லை. ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த எந்தக் காயும் இல்லை என்றால் ஆட்டம் சமன். வென்ற ஆட்டத்தை இப்படிக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். நம் ஊர்ப் பக்கம் பழக்கத்தில் ஆடும்போது இவை இரண்டையும் கண்டும் காணாமலும் விட்டுவிடுவோம். நிரல் விடாது.

மகளுக்கு வேறு மாதிரி. தரம் 6 பிள்ளைக்கு முதல் மாதங்களில் வெற்றி வேண்டும், அந்த வெற்றியும் எப்படி வந்ததென்று அவளுக்குத் தெரியவேண்டும். லிசெஸ்ஸின் முதலாம் நிலை காயைத் தொங்கவிடும். அவள் பழகவேண்டியது முதலில் அதைத்தான்: எதிராளி நகர்த்தியதும் 'எந்தக் காய் காவலில்லாமல் நிற்கிறது?' என்று பார்ப்பது. உங்களுக்கு எரிச்சல் தந்த அதே பிழை அவளுக்குப் பாடம். அது கைவந்ததும் மூன்றாம் நிலைவரை ஏற்றி, பிறகு ஆழம் 1 எஞ்சினுக்கு மாற்றுங்கள். கணக்கு அவள் பெயரில் என்றால் 'கிட் மோட்' என்றதைப் போட்டுவிடுங்கள். மற்றவர்களோடு கதைக்கும் பகுதிகள் மறைந்துவிடும்.

லூகாஸ் செஸ்ஸில் ட்யூட்டர் ஒன்று இருக்கிறது. நகர்த்தியதும், இதைவிட நல்லது இருக்கிறது என்று தடுக்கும். அதைப் பெரிய பிழைக்கு மட்டும் எழும்பும்படி வையுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் எழும்பினால் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிட்டு அது சொல்கிறதை அழுத்திக்கொண்டிருப்பாள். நகர்வைத் திருப்பி எடுக்கும் பொத்தானைத் தொடக்கத்தில் விட்டுவைக்கலாம். பாடசாலைப் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஒரு தவணைக்கு முன்பே அதை நிறுத்துங்கள். அங்கே தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். போனில் பழகிய பிள்ளைகள் முதல் சுற்றில் இதில்தான் அழுகிறார்கள்.

ஆட்டம் முடிந்து எங்கே பிழைத்தது என்று இருவரும் பார்க்கும்போது ஒன்றை மறக்கவேண்டாம். விளையாட்டுக்காக வைத்த லிமிட் ஸ்ட்ரெங்த்தையும் ஸ்கில் லெவலையும் எடுத்துவிட்டு, எஞ்சினை முழுப் பலத்தில் விட்டுத்தான் ஆட்டத்தை ஆராயவேண்டும். அரீனா போன்ற நிரல்களில் ஒருமுறை வைத்த அமைப்பு அப்படியே நிற்கும். எடுக்காமல் ஆராய்ந்தால், கைகால் கட்டிய அந்த எஞ்சினே உங்கள் நல்ல நகர்வைப் பிழை என்றும் பிழையை நல்லது என்றும் சொல்லும், நீங்களும் நம்புவீர்கள்.